பழைய மின் குட்டி யானை வாங்கலாமா? சென்னைச் சிறு வணிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மளிகை மொத்த வியாபாரம், தண்ணீர் கேன், பேக்கரி, கூரியர், வீட்டு உபயோகப் பொருள் விநியோகம் என்று நகரத்துக்குள்ளேயே நாள் முழுவதும் சுற்றும் தொழில்களில் இருப்பவர்கள், சில ஆண்டுகள் ஓடிய சிறிய மின் சரக்கு வண்டி ஒன்றை வாங்கலாமா என்று இப்போது அதிகமாகக் கேட்கிறார்கள். கோயம்பேட்டிலிருந்து அம்பத்தூர்ப் பக்கம் சரக்கு அனுப்பும் தொழிலுக்காக இப்படிப்பட்ட வண்டிகளை நானே தேடி அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சலில் கற்றவையும், சட்டமும் நிறுவனங்களும் சொல்லும் விவரங்களும் இங்கே கேள்வி பதிலாகத் தரப்படுகின்றன.

பழைய வண்டிச் சந்தையில் எந்தெந்த வண்டிகள் கிடைக்கின்றன?

2005ஆம் ஆண்டு வந்த டாடா ஏஸ் வண்டிக்குத் தமிழ்நாட்டு மக்கள் வைத்த பெயர் குட்டி யானை. அதன் மின் வடிவமான ஏஸ் ஈவி 2022 மே மாதம் அறிமுகமாகி, 2023 ஜனவரியில் வாடிக்கையாளர்கள் கைக்கு வந்தது. அதில் 21.3 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியும், 27 கிலோவாட் மோட்டாரும், 600 கிலோ சுமைத் திறனும் உண்டு. ஒரு டன் சுமக்கும் ஏஸ் ஈவி 1000 வண்டி 2024 மே மாதம் வந்தது. மஹிந்திரா ஜியோ 2024 அக்டோபரிலும், அளவில் சிறிய ஏஸ் ப்ரோ ஈவி 2025 ஜூனிலும் வந்தன. மூன்று சக்கர லோடு ஆட்டோக்களில் 2020 அக்டோபரில் வந்த மஹிந்திரா ட்ரியோ ஜோர், 2021இல் வந்த ஆய்லர் ஹைலோடு ஆகியவை கண்ணில் படும். 2016இல் வந்து பிறகு நின்றுபோன மஹிந்திரா ஈசுப்ரோ எப்போதாவது ஒன்று விற்பனைக்கு வரும். விலை மலிவாகத்தான் இருக்கும் என்றாலும், உற்பத்தி நின்ற வண்டிக்குப் பேட்டரி தேடுவது பெரும் பாடு என்பதால் அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இவற்றில் பெரும்பாலானவை இணைய வணிக நிறுவனங்களின் சரக்கை வீடுதோறும் கொண்டு சேர்த்த குத்தகை வண்டிகளாகவோ, தவணை கட்டாமல் ஃபைனான்ஸ் நிறுவனம் எடுத்துக்கொண்ட சீஸ் வண்டிகளாகவோ இருக்கும். குத்தகை வண்டி நிறைய கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் அதன் பராமரிப்புப் பதிவு ஒழுங்காகக் கிடைக்கும். சீஸ் வண்டி குறைவாக ஓடியிருந்தாலும், மாதக்கணக்கில் ஏதோ ஒரு யார்டில் வெயிலில் நின்றிருக்கக்கூடும்.

என் தொழிலுக்கு மின் வண்டி ஒத்துவருமா?

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, இரவில் வண்டி எங்கே நிற்கிறது ஆகிய இரண்டும் தெரிந்தால் போதும். ஏஸ் ஈவி வண்டி முழுச் சார்ஜில் நகரத்துக்குள் 100 கிலோமீட்டர் ஓடுவதாகவும், சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து ஒரு கிலோமீட்டருக்கு 0.24 யூனிட் செலவாவதாகவும் வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 40 காசு ஆகிறது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் டீசல் வண்டிக்கு, டீசல் 92 ரூபாய் என்று கணக்கிட்டால், 5 ரூபாய் 10 காசு ஆகிறது. நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் வீதம் மாதம் 26 நாள் ஓடுபவருக்கு, எரிபொருளில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 ரூபாய் மிஞ்சும். அதே வண்டி நாளுக்கு 25 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால் மிச்சம் 21,000 ரூபாய்க்குச் சுருங்கிவிடும். அந்த ஓட்டத்துக்கு, கையில் நல்ல டீசல் வண்டி இருக்கும்போது அதை விற்றுவிட்டு இதற்கு மாற வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சொந்த இடத்தில் சார்ஜ் போட வசதியில்லாமல் பொதுச் சார்ஜ் நிலையத்தை நம்பி, யூனிட்டுக்கு வரியோடு 20 ரூபாய் கொடுக்க நேர்ந்தால், கிலோமீட்டருக்கு ஆகும் செலவு டீசலை நெருங்கிவிடும். போதாக்குறைக்கு, ஓட்டுநர் அங்கே காத்திருக்கும் நேரத்துக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

நிறுவனம் 154 கிலோமீட்டர் என்கிறது. உண்மையில் எவ்வளவு ஓடும்?

ஏஸ் ஈவிக்குச் சொல்லப்படும் 154 கிலோமீட்டர், புதிய வண்டியை வரையறுத்த சோதனை முறையில் ஓட்டி அளந்த சான்றளிப்புக் கணக்கு. சுமையேற்றி, மேம்பாலங்கள் ஏறி இறங்கி, ஐம்பது இடங்களில் நின்று புறப்படும் வண்டிக்கு அந்த எண் பொருந்தாது. புதிய வண்டியாக இருந்தால் சான்றளித்த தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வதும், பழைய வண்டிக்கு அதிலிருந்தும் பேட்டரித் தேய்மானத்தைக் கழித்துக்கொள்வதும் பாதுகாப்பான வழி. வாங்கப்போகும் வண்டி இன்று சுமையோடு எவ்வளவு ஓடுகிறது என்பதை நீங்களே ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வது இதைவிட நல்லது.

பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டியின் விலையில் பெரும் பங்கு பேட்டரியில்தான் இருக்கிறது என்பதால், பாடி, பெயின்ட், டயர் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வழி, அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், கணினியை இணைத்துப் பேட்டரி அறிக்கை எடுப்பது. அதில் பேட்டரியின் மீதமுள்ள திறன் விழுக்காடு, செல்களுக்கு இடையிலான மின்னழுத்த வித்தியாசம், பதிவாகியிருக்கும் பழுதுக் குறியீடுகள் ஆகியவற்றை அச்சிட்டோ படமெடுத்தோ வாங்கிக்கொள்ளுங்கள். சோதனைக் கட்டணத்தை நீங்களே கட்டுவதாகச் சொன்ன பிறகும் விற்பவர் மறுத்தால், அந்த வண்டியை விட்டுவிடலாம்.

அறிக்கை எடுக்க முடியாத இடத்தில் ஓர் எளிய வழி உண்டு. 16 ஆம்பியர் பிளக்கில் செருகும் சிறிய யூனிட் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியைச் சார்ஜ் 10 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை ஓட்டிவிட்டு, அந்த மீட்டர் வழியாக 100 விழுக்காடு வரை ஏற்றுங்கள். 21.3 யூனிட் பேட்டரியில் 90 விழுக்காட்டை நிரப்ப, சார்ஜரில் வீணாகும் சுமார் 12 விழுக்காட்டையும் சேர்த்தால், புது நிலையில் 22 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஓட வேண்டும். மீட்டர் 17 யூனிட்டிலேயே நின்றுவிட்டால், பேட்டரிக்குள் போனது 15 யூனிட். 90 விழுக்காட்டுக்கு 15 என்றால் முழுமைக்கு 16.6 யூனிட், அதாவது புதிய பேட்டரியில் 78 விழுக்காடு. பேட்டரியின் ஒரு சிறு பகுதியை வண்டி எப்போதும் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்திருக்கும் என்பதால், இந்தக் கணக்கு உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். ஆனாலும் இரண்டு வண்டிகளை ஒப்பிட இதைவிட மலிவான கருவி கிடையாது.

மூன்றாவதாக, சுமையேற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த வகை வண்டிகள் பலவற்றில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. நீடித்து உழைப்பதிலும் வெப்பத்தைத் தாங்குவதிலும் பெயர்பெற்ற இந்த ரகத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. சார்ஜ் 80 விழுக்காட்டில் இருந்தாலும் 30 விழுக்காட்டில் இருந்தாலும் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். அதனால் மீதிச் சார்ஜை அளக்கும் கணினி, ஓடிய கணக்கை வைத்து மதிப்பிட்டுத்தான் எண்ணைக் காட்டுகிறது. ஒரு செல் பலவீனமாக இருந்தால் அந்த மதிப்பீடு நடுப்பகுதியில் பொய் சொல்லும், கடைசிப் பகுதியில் அகப்பட்டுக்கொள்ளும்.

நான் ஒருமுறை பார்த்த வண்டி, வெள்ளை வெளேரென்று கழுவி, டயருக்குக் கறுப்புப் பூசி நின்றது. தரகர் சார்ஜை 95 விழுக்காட்டில் வைத்துக் காட்டினார், வெறும் வண்டியாக ஓட்டியதில் குறை எதுவும் தெரியவில்லை. மறுநாள் 25 கிலோ அரிசி மூட்டை பதினாறை ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டிலிருந்து புறப்பட்டு, சார்ஜ் 40க்குக் கீழே இறங்கும்வரை சுற்றிவிட்டுப் பாடி மேம்பாலம் ஏறினோம். ஏற ஆரம்பிக்கும்போது 38 காட்டிய திரை, உச்சியை அடைவதற்குள் 19க்கு விழுந்தது, வேகமும் தானாகவே மட்டுப்பட்டது. இறங்கி ஐந்து நிமிடம் நிறுத்தியதும் எண் மறுபடியும் 27க்கு ஏறிக்கொண்டது. இப்படி விழுந்து எழும் எண், பலவீனமான செல் இருப்பதற்கான அடையாளம். தரகர் அதைச் சென்சார் கோளாறு என்றார். நாங்கள் மூட்டைகளை இறக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஆகவே, முழுச் சார்ஜில் காட்டப்படும் வண்டியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சுமையோடு 40 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடு வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தால் பேட்டரியும் புதிதாகத்தானே இருக்கும்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பேட்டரி ஓடித் தேய்வதுபோலவே வயதாலும் வெப்பத்தாலும் தேய்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் முழுச் சார்ஜோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியும், சார்ஜ் முழுவதும் வடிந்த நிலையில் கைவிடப்பட்ட வண்டியும், நாள்தோறும் அளவாக ஓடிய வண்டியைவிட மோசமாகக் கெட்டிருக்கக்கூடும். 60,000 கிலோமீட்டர் ஓடி, ஒவ்வோர் இரவும் மெதுவான சார்ஜரில் ஏற்றப்பட்ட வண்டியா, 12,000 கிலோமீட்டர் ஓடி ஓராண்டு யார்டில் நின்ற வண்டியா என்று கேட்டால், நான் முதலாவதைத்தான் முதலில் சோதித்துப் பார்ப்பேன்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை எப்படி அடையாளம் காண்பது?

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பகுதிகளில் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. பேட்டரிப் பெட்டிக்கு ஐபி67 தரம் இருக்கிறதே என்று விற்பவர் சொல்வார். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனைக்கான தரம் அது. இரண்டு நாள் சாக்கடை கலந்த வெள்ளத்தில் நின்ற பெட்டிக்கு அது உத்தரவாதம் ஆகாது. அதோடு, வண்டியின் அடியில் போகும் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பிகளின் இணைப்புகளும் சிறு மின்னணுப் பெட்டிகளும் எல்லாமே அந்தத் தரத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியில் உள்ளே சுற்றியிருக்கும் பகுதியில் மண் கறை தெரியும், அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. இருக்கைக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, ஃபியூஸ் பெட்டியின் செம்பு முனைகளில் பச்சைப் பூப்பு, முகப்பு விளக்குக்குள் நீர்க்கோடு ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். ஆரஞ்சுக் கம்பிகளையோ அவற்றின் இணைப்புகளையோ நீங்கள் தொடவோ கழற்றவோ கூடாது. மின்சாரம் எங்கும் கசிகிறதா என்று பார்க்கும் மின்காப்புத் தடைச் சோதனையைச் சர்வீஸ் மையத்தில் செய்யச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனத்தில் பழைய கோரிக்கைகளின் விவரத்தை விற்பவர் மூலமாகவே கேட்டு வாங்குவதும் நல்லது.

பேட்டரி விற்பவருக்குச் சொந்தமானதுதானா என்று ஏன் பார்க்க வேண்டும்?

இரண்டு, மூன்று சக்கர மின் வண்டிகளைப் பேட்டரி இல்லாமலேயே விற்கவும் பதிவு செய்யவும் 2020 ஆகஸ்ட்டில் மத்திய அரசு வழிவிட்டது. அதனால் ஆர்சி என்ற பதிவுச் சான்று ஒருவர் பெயரில் இருக்க, பேட்டரி வேறொரு நிறுவனத்தின் வாடகைப் பொருளாக இருக்க வாய்ப்புண்டு. முதல் விற்பனை இன்வாய்ஸைக் கேட்டு, அதில் பேட்டரியின் வரிசை எண் இருக்கிறதா, வண்டியில் இருக்கும் பெட்டியின் எண்ணும் அதுவும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் பேட்டரி மாற்றப்பட்டிருந்தால் அதற்கான பில் வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல், தொலைவிலிருந்தே வண்டியை இயங்காமல் நிறுத்தும் வசதி. குத்தகை நிறுவனங்களும் கடன் கொடுத்தவர்களும் தவணை தவறினால் வண்டியைப் பூட்டிவிடுவதற்காக இதை வைத்திருப்பார்கள். கடன் தீர்ந்த பிறகும் அந்தக் கருவி வண்டியிலேயே கிடக்கும். வாங்கும் நாளிலேயே அது கழற்றப்பட்டதற்கோ, கணக்கு உங்கள் பெயருக்கு மாற்றப்பட்டதற்கோ எழுத்து மூலமான உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாடாவின் ஃப்ளீட் எட்ஜ் போன்ற நிறுவனச் செயலிக் கணக்கையும் அவ்வாறே மாற்றிக்கொண்டால், பழைய ஓட்ட விவரங்களைப் பார்க்கவும் வழி பிறக்கும்.

என்னென்ன காகிதங்களைப் பார்க்க வேண்டும்?

ஆர்சியில் எரிபொருள் என்ற இடத்தில் மின்சாரம் என்று இருக்க வேண்டும். டீசல் வண்டியை மின் வண்டியாக மாற்றியிருந்தால், அங்கீகாரம் பெற்ற மாற்றுக் கருவியாக இருப்பதோடு, அந்த மாற்றம் ஆர்சியிலும் ஏறியிருக்க வேண்டும். தொழில் வண்டியின் பச்சை நிற எண் பலகையில் எழுத்து மஞ்சளாக இருக்கும். வெள்ளை எழுத்து இருந்தால் அது சொந்த உபயோக வண்டி என்று பொருள்.

பேட்டரியில் ஓடும் போக்குவரத்து வாகனங்களுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று 2018 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. ஆனால் வண்டி ஓடத் தகுதியானது என்று சான்றளிக்கும் எஃப்சியிலிருந்து விலக்கு இல்லை. புதிய வண்டிக்கு இரண்டு ஆண்டுகளும், எட்டு ஆண்டு வயதுவரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்சி எடுக்க வேண்டும். 2023இல் பதிவான வண்டி 2025இல் எஃப்சி எடுத்திருக்கிறதா என்பதை முதலிலேயே பாருங்கள். எடுக்காமல் விற்கிறார்கள் என்றால், அதற்கான செலவையும் அலைச்சலையும் உங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று கொள்ளலாம். தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை 2025 டிசம்பர் 31 வரை சாலை வரி விலக்கு அளித்தது. இப்போதைய வரி நிலவரத்தையும், நிலுவையில் உள்ள அபராதங்களையும் மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதிகளும் படிவம் 30ம் வேண்டும். வண்டியின் மேல் கடன் இருந்திருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றோடு படிவம் 35 கொடுத்து ஹெச்பி கேன்சல் செய்ய, அதாவது ஆர்சியில் உள்ள கடன் பதிவை நீக்க வேண்டும். கடன் தீர்ந்துவிட்டது என்ற வாய்மொழியை நம்பி முழுப் பணத்தையும் கொடுப்பவர்கள்தான் பிறகு ஆர்டிஓ அலுவலகத்துக்கும் ஃபைனான்ஸ் அலுவலகத்துக்கும் இடையே நடக்கிறார்கள்.

பெங்களூரிலும் தில்லியிலும் மலிவாகக் கிடைக்கிறதே?

கிடைக்கலாம். மின் சரக்கு வண்டிகளுக்கு நுழைவுத் தடை நேரத்திலிருந்து 2021இலேயே விலக்கு கொடுத்த நகரம் தில்லி என்பதால், அங்கே இத்தகைய வண்டிகள் நிறைய ஓடுகின்றன. ஆனால் படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, அதற்கான வரி நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முழுச் சார்ஜில் 100 கிலோமீட்டர் போகும் வண்டியைப் பெங்களூரிலிருந்து 350 கிலோமீட்டர் ஓட்டி வருவது வீண் வேலை என்பதால், லாரியில் ஏற்றி வரும் வாடகையையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, சுமையேற்றி மேம்பாலம் ஏறிப் பார்க்கும் சோதனையை அங்கே போய்ச் செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று யோசியுங்கள்.

பழைய மின் வண்டிக்கு ஜிஎஸ்டி உண்டா?

புதிய மின் வண்டிக்கு 5 விழுக்காடு. பழைய வண்டியை, ஜிஎஸ்டி பதிவுள்ள வணிக நிறுவனம் விற்றால், 2025 ஜனவரி முதல் 18 விழுக்காடு ஆகும். ஆனால் அந்த வரி முழு விலைக்கும் கிடையாது. விற்பவர் வருமான வரிக் கணக்கில் வண்டிக்குத் தேய்மானம் கழித்திருந்தால் விற்பனை விலைக்கும் தேய்மானம் போக மீதமுள்ள மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கும், மற்றபடி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கும் மட்டுமே வரி. வித்தியாசம் நட்டமாக இருந்தால் வரி இல்லை. முழு விலையின் மேல் 18 விழுக்காடு போட்டு பில் காட்டும் டீலரிடம் இதை நிதானமாகக் கேளுங்கள். பதிவில்லாத தனிநபர் விற்றால் இந்த வரி எழாது. தனியாக வாங்கும் லித்தியம் பேட்டரிக்கு 18 விழுக்காடு உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா?

திருவல்லிக்கேணி, சவுகார்பேட்டைச் சந்துகளுக்குள் போய்த் திரும்ப வேண்டியவர்களுக்கு மூன்று சக்கரம்தான் சரி. ட்ரியோ ஜோர் 550 கிலோ சுமக்கும் என்று நிறுவனம் சொல்கிறது, அதன் பேட்டரி 7.37 யூனிட்தான் என்பதால் சாதாரணப் பிளக்கில் சீக்கிரமே ஏறிவிடும். ஆனால் சிறிய பேட்டரி அடிக்கடி முழுவதுமாக இறங்கி ஏறுவதால், அதே தூரத்துக்கு அதிகச் சார்ஜ் சுற்றுகள் உழைத்திருக்கும். பேட்டரித் தீ விபத்துகளுக்குப் பிறகு இந்த வகைக்கான பாதுகாப்பு விதிகள் இரண்டு கட்டமாக, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் கடுமையாக்கப்பட்டன. ஆகவே மூன்று சக்கர வண்டி என்றால் 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதைத் தேடுவது என் வழக்கம்.

தனி உரிமம் வேண்டுமா?

இலகு ரக மோட்டார் வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. மின் குட்டி யானை அந்த எடைக்குள்தான் வருகிறது.

வீட்டிலேயே சார்ஜ் போடலாமா?

16 ஆம்பியர் பிளக்கில் ஏறத்தாழ 3 கிலோவாட் வரும். 21.3 யூனிட் பேட்டரி அதில் நிரம்ப ஏழு எட்டு மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்குச் செருகினால் விடிகாலையில் தயாராகிவிடும் என்பதால், பெரும்பாலான தொழில்களுக்கு இதுவே போதும். வேகச் சார்ஜரில் ஏஸ் ஈவி சுமார் 105 நிமிடத்தில் 80 விழுக்காடு வரை ஏறும் என்கிறது நிறுவனம். அது அவசரத்துக்கு உதவும், அன்றாடப் பழக்கமாக வேண்டாம்.

ஏழு மணி நேரம் தொடர்ந்து 13 ஆம்பியர் இழுக்கும் சுமையைக் கிரைண்டருக்குப் போட்ட பழைய ஒயரில் கொடுத்தால் பிளக் உருகிவிடும். மீட்டரிலிருந்து தனி ஒயர், சுமை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி எம்சிபி, மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, நல்ல எர்த் ஆகியவை அவசியம். சென்னைப் பழைய வீடுகளில் எர்த் என்று சுவரில் ஒரு துளை இருக்கும், அதற்குப் பின்னால் ஒயரே இருக்காது. வீட்டு இணைப்பின் மின்சாரத்தைத் தொழில் வண்டிக்குப் பயன்படுத்துவதும் பின்னாளில் தகராறு தரக்கூடும். மின்வாரியத்தில் மின்வாகனச் சார்ஜுக்கென்று தனிக் கட்டண வகை இருப்பதால், அதன் கீழ் இணைப்பு கேட்பது நல்லது.

பேட்டரியைப் பிரித்துச் செல் மாற்றித் தருவதாகத் தனிக் கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

திறமையானவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பழைய செல்களுக்கு நடுவே வைக்கப்படும் புதிய செல் கொள்ளளவில் ஒத்துப்போகாது, தொடர் வரிசையில் மிகப் பலவீனமானது எதுவோ அதுதான் மொத்தத் திறனையும் தீர்மானிக்கும். பெட்டியின் மூடியைத் திறந்தவுடன் உத்தரவாதம் போகும், நீர்க்காப்பும் சந்தேகத்துக்குள்ளாகும், தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பும். ஏற்கெனவே இப்படிப் பிரித்து மூடிய வண்டியை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். பெட்டியின் விளிம்பில் புதிய சிலிக்கான் பசையோ, தலை தேய்ந்த போல்ட்டோ தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள்.

விலையை எப்படி முடிவு செய்வது?

டீசல் வண்டிக்குப் பார்ப்பதுபோல ஆண்டையும் மாடலையும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். உங்கள் அன்றாட ஓட்டத்துக்கு இந்தப் பேட்டரி இன்னும் எத்தனை ஆண்டு ஈடுகொடுக்கும் என்று கணக்கிடுங்கள். உங்களுக்குத் தேவை நாளொன்றுக்கு 70 கிலோமீட்டர், வண்டி இன்று சுமையோடு 95 ஓடுகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 3 விழுக்காடு குறைந்தாலும் ஐந்து ஆண்டு கழித்து 80 கிலோமீட்டர் ஓடும், ஆகவே அது உங்களுக்கு ஐந்து ஆண்டு வண்டி. இன்றே 75தான் ஓடுகிறது என்றால் இரண்டாவது ஆண்டின் முடிவிலேயே 70 ஆகிவிடும், பிறகு பகலில் ஒருமுறை சார்ஜ் போட வேண்டிய நிலை வரும். இரண்டு வண்டிகளும் ஒரே ஆண்டு, ஒரே மாடலாக இருக்கலாம். ஆனால் உங்களுக்கு அவற்றின் மதிப்பு ஒன்றல்ல.

அடுத்ததாக, புதிய பேட்டரிக்கு என்ன விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்று அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். உத்தரவாதம் எஞ்சியிருக்கிறதா, அது இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா, எந்த விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். உத்தரவாதம் செல்லாது என்றால், அந்தக் கொட்டேஷனின் ஒரு பகுதியை விலையிலிருந்து கழித்துக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கடைசியாக, புதிய வண்டிகளின் விலையே உங்களுக்கு உச்ச வரம்பு. ஏஸ் ப்ரோ ஈவி 2025 ஜூனில் 6.50 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமானது. அதன் பேட்டரி 14.4 யூனிட்தான் என்றாலும், 750 கிலோ சுமைத் திறனும் முழு உத்தரவாதமும் உண்டு. ஏழெட்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பழைய வண்டிக்கு அந்த நினைப்பிலேயே விலை சொல்லும் விற்பனையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாதாடுவதைவிட, புதிய வண்டியின் கொட்டேஷனை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பது பலன் தருகிறது.

வாங்கிய பிறகு உடனே என்ன செய்ய வேண்டும்?

பெயர் மாற்றத்துக்கு வாங்குபவர் 30 நாளுக்குள்ளும், காப்பீட்டை மாற்றக் கோரி 14 நாளுக்குள்ளும் விண்ணப்பிக்க வேண்டும். மின் சரக்கு வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் 15 விழுக்காடு தள்ளுபடி 2022 ஜூன் முதல் உண்டு. பாலிசியில் அது கணக்கில் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் வாரத்திலேயே 12 வோல்ட் துணை பேட்டரியை மாற்றிவிடுங்கள். பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தும் வண்டி கிளம்பாமல் நடுத்தெருவில் நின்றால், பல சமயம் காரணம் இந்தச் சின்ன பேட்டரிதான். பிறகு மூன்று நான்கு இரவுகள் வண்டியை 100 விழுக்காடு வரை ஏற்றி, திரை 100 காட்டிய பிறகும் உடனே பிடுங்காமல் சார்ஜர் தானாக நிற்கும்வரை விட்டுவையுங்கள். செல்கள் சமனாவது அந்தக் கடைசி நேரத்தில்தான். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஓடிய கிலோமீட்டரையும் மீட்டரில் ஏறிய யூனிட்டையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நீங்கள் இந்த வண்டியை விற்கும் நாளில், வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்த நோட்டையே எடுத்து நீட்டலாம்.